தரம்

அட்டைக்குத் தரம் ஒன்பதரை.
பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து
முத்திரையிட்டு அனுப்பியிருந்தார்கள்.
இனி அதை யாரும் தொட முடியாது,
காசு கொடுத்தவனும்.

டெவோர்ன் பிக்ஃபோர்ட், வேகப்பந்து,
இருபத்தைந்தில் ஏழாவது,
நீல மையில் அவசரமாய் ஒரு கையெழுத்து.
அவர் போட்டு ஒரு பந்துகூட நான் பார்த்ததில்லை.
தீர்த்தகிரியும் பார்த்ததில்லை.
ஐந்து ரோட்டில் செல்போன் உறை விற்கிற அவர்,
ஜவ்வரிசி ஆலையில் கணக்கெழுதுகிற நான்,
ஆளுக்கு முப்பத்தோராயிரம்.
நாற்பது நாள் வைத்திருந்து தள்ளிவிட்டால் போதும்.

“என்ன சீட்டு பிடிக்கிறீங்க ரெண்டு பேரும்?”
வீட்டில் கேட்டாள்.
சீட்டுதான் என்றேன்.
பொய்யில்லை.

ஏலத்துக்குப் போட்டோம்.
ஆறு நாளாக விலை
நாற்பத்தெட்டிலேயே படுத்துக் கிடந்தது.
லேசாகத் தட்டி எழுப்பலாமா என்றேன்.
“நம்ம சரக்கை நாமே கேக்கறது திருட்டுங்க” என்றார்.
நெற்றியில் திருநீறு இன்னும் ஈரமாயிருந்தது.
ஆமாம் ஆமாம் என்றேன்.

கடைசி ராத்திரி ஏற்காடு பேருந்தில் இருந்தேன்,
ஒரு காபித் தோட்டத்தின் வருடக் கணக்குக்காக.
அடிவாரச் சாவடியில் வண்டி நின்றபோது
மச்சான் மாதையன் பெயரில் திறந்துவைத்திருந்த கணக்கில்
அறுபத்தைந்து கேட்டேன்.
ஒரே ஒரு தடவை.

முதல் கொண்டை ஊசி திரும்புவதற்குள்
எவனோ அறுபத்தெட்டு.

சேலத்தின் விளக்குகள் இடது ஜன்னலில்,
வளைந்தால் வலது ஜன்னலில்,
மறுபடி இடதில்.
ஒரே ஊர் இரண்டு பக்கமும் உட்கார்ந்து
ஏலம் கேட்பது போல.
ஐந்தாம் வளைவில் தொண்ணூறு.
எட்டில் லட்சம் தாண்டியது.
காது அடைத்தது, மலையாலா தெரியவில்லை.
முன் இருக்கைப் பையன் எலுமிச்சம்பழத்தை
மூக்கைவிட்டு எடுக்கவேயில்லை.
இத்தோடு விட்டு அவன் தலையில் கட்டிவிடலாம் என்று
ஒவ்வொரு திருப்பத்திலும் நினைத்தேன்.
இன்னும் ஒரு வளைவு தாங்குவான் என்றே தோன்றியது.
பதினாலில் ஒன்று எண்பத்து நாலு.
அழுத்தினேன்.
சிக்னல் போனது.

ஒரு தரம், இரண்டு தரம் என்று
கத்த ஆளில்லாத ஏலம்.
மூன்றாம் தரம்
எந்தச் சில்வர் ஓக் மரத்தருகே முடிந்ததோ.
ஒண்டிக்கடையில் இறங்கியதும் போன் துடித்தது:
வாழ்த்துகள், நீங்கள் வென்றுவிட்டீர்கள்.

மறுநாள் கடைக்குப் போனேன்.
குமிழித் தாளில் அட்டையைச் சுற்றி முடித்து
முகவரி எழுதிக்கொண்டிருந்தார்.
மாதையன், ஓமலூர்
என்ற இடத்தில் பேனா நின்றது.
“உங்க மச்சான்தானே?”
நான் கல்லாமேல் கிடந்த போனைப் பார்த்தேன்.
புஷ்பலதா, உங்கள் ஏலத்தை ஒருவர் முந்திவிட்டார்.
பதின்மூன்று அறிவிப்புகள், வரிசையாக.
புஷ்பலதா அவர் சம்சாரம்.

கொஞ்ச நேரம்
டெம்பர் கிளாஸ் ஒட்ட வந்தவரைக்கூட
இருவரும் கவனிக்கவில்லை.
அறுபதுக்கு மேலே
எங்களைத் தவிர எவருமே இருந்திருக்கவில்லை.
தரகு இருபத்திரண்டாயிரத்து எண்பது.
அதிலும் ஆளுக்குப் பாதி.
சுற்றிய தாளை அவரே பிரித்தார்,
ஒரு குமிழைக்கூட உடைக்காமல்.

இதோடு முடிந்திருக்கலாம்.
வியாழக்கிழமை அதே ஆட்டக்காரர்,
பதினொன்றாவது அட்டை, மூலையில் மடிப்பு,
தரம் வெறும் எட்டு,
ஒன்று அறுபதுக்குப் போயிருந்தது.
கடைசியாக விற்ற விலையைவிடக் குறைவு என்று
விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருந்தார்கள்.
எங்கள் விலை.

வாங்கியவன் பெயரைத் தீர்த்தகிரி
இரண்டு விரலால் அகட்டிப் பெரிதாக்கினார்.
முதல் எழுத்து, கடைசி எழுத்து,
நடுவில் மூன்று நட்சத்திரம்.
எவ்வளவு அகட்டியும் நட்சத்திரம்தான் பெருத்தது.

“நெசமாலுமே வாங்கியிருப்பானா,
இல்ல இவனும்
யாருக்காச்சும் மச்சானா?”